மஞ்சள் ஒட்டு வைத்த இடம்

பேர்லேண்ட், டெக்சாஸ்
9 பிப்ரவரி 2025

அன்புள்ள தம்பி மோசசுக்கு அக்கா சாந்தாமணி எழுதுவது.

நாலு நாளாகக் கூப்பிடுகிறாய், நான் எடுக்கவில்லை. எடுத்தால் கத்துவேன். நான் கத்தினால் நீ, "அக்கா, மீட்டிங் இருக்கு, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுவாய். கடுதாசியை அப்படிப் பாதியில் வைக்க முடியாது பார், அதனால் எழுதுகிறேன். நான் ஏழாவதோடு நின்றவள். பிழை இருந்தால் பொறுத்துப் படி.

உன் கம்பெனியிலிருந்து ஒரு பெரிய கவர் வந்தது. உள்ளே நாலு தாள், எல்லாம் இங்கிலீஷ். கடைசித் தாளில் நான் கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் அம்புக்குறி போட்ட மஞ்சள் காகிதம் ஒட்டியிருந்தது. என் மகள் அபிகாயில் படித்துச் சொன்னாள். நீங்கள் சண்டைக்குச் செய்கிற ட்ரோனுக்கு என் மகன் பெயரை வைக்கப் போகிறீர்களாம். ஆலன் என்று. அவன் பட்டாளத்து போட்டோவையும் போட்டுக்கொள்வீர்களாம். அம்மா என்கிற முறையில் எனக்குச் சம்மதம் என்று நான் போடவேண்டுமாம்.

டிசம்பரில் அவனை அடக்கம் பண்ணிவிட்டு வீட்டுக்கு வந்தோம். கால் கழுவக்கூட இல்லை. நீ என் சமையல்கட்டில் நின்று யாரிடமோ போனில், "ஃபேமிலி ஓகே சொல்லுவாங்க, நான் பேசிக்கறேன்" என்றாய். எதற்கு ஓகே என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. ஆனால் என் பிள்ளை மண்ணுக்குள் போய் ஒரு மணி நேரம் ஆகவில்லை, அதற்குள் என்னை வைத்து ஏதோ பேரம் நடக்கிறது என்று மட்டும் தெரிந்தது. அதனால்தான் வெளியே போ என்றேன். ஒரு வாய் காபி கூடத் தராமல் அனுப்பினேன். அதற்காக நான் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன். இந்தக் கவர் வந்ததும் அந்த வருத்தம் போய்விட்டது.

இப்போது ஒன்று கேட்கிறேன். அந்தச் சாமான் என்ன செய்யும்? எனக்குப் புரிகிற மாதிரி எழுது. நீ எட்டாவது படிக்கும்போது வீட்டு ரேடியோவைப் பிரித்துப் போட்டு, எது எதற்கு என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தாயே, எனக்கு நன்றாகப் புரிந்ததே. அந்த மாதிரி எழுது.

சாந்தாமணி

✻

ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா
21 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

கையால் எழுதிப் பல வருஷம் ஆகிவிட்டது. லேப்டாப்பில் அடித்து பிரிண்ட் எடுத்திருக்கிறேன், தப்பாக நினைக்காதே. லஞ்ச் டைமில் ஆபீசில் உட்கார்ந்து அடித்தேன். பக்கத்து சீட்காரன் எட்டிப் பார்த்து இது என்ன டிசைன் என்று கேட்டான். இங்கே தமிழ் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான்.

சமையல்கட்டில் நான் பேசியது தப்பு. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பேரம் என்று சொல்லாதே அக்கா. அவன் எனக்கும் பிள்ளைதான்.

நீ கேட்டதற்கு வருகிறேன். அது ஒரு சின்ன ட்ரோன். உன் தோசைக்கல் அளவுதான் இருக்கும். இப்போது சண்டையில் ட்ரோன் ஓட்டுகிறவன் தூரத்தில் கண்ணாடி மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அது பார்ப்பதை அவன் பார்ப்பான். எதிராளி சிக்னலைக் கெடுத்துவிட்டால் அவனுக்குக் கண் இருண்டுவிடும், ட்ரோன் விழுந்துவிடும். எங்களுடையது விழாது. கடைசியாகக் காட்டிய ஆளை ஞாபகம் வைத்துக்கொண்டு, அதுவே போய் வேலையை முடிக்கும். நான் எழுதுவது அந்தக் கண்ணுக்கான ப்ரோகிராம் மட்டும். வெடிமருந்தை நான் தொட்டது கூடக் கிடையாது.

அங்கே உக்ரைனில் இரண்டு பக்கமும் பதுங்குகுழி வெட்டி வருஷக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்கள். எதிர்ப்பக்கம் என்ன செய்கிறார்கள் தெரியுமா? ட்ரோனில் கேஸ் டப்பாவைக் கொண்டுவந்து குழிக்குள் போடுகிறார்கள். உலகம் முழுக்கக் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தப்படி சண்டையில் அது தடை. அவர்களுக்கு இல்லாத சட்டம் நமக்கு மட்டும் எதற்கு? எங்கள் மெஷின் அந்தக் குழிக்குப் போனால் ஆலன் மாதிரிப் பசங்கள் அதில் இறங்கவே வேண்டாம். இது போன வருஷமே அவன் யூனிட்டுக்குப் போயிருந்தால் இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பான். நான் இதை நம்புகிறேன். அதனால்தான் அவன் பெயர்.

மே 15-ஆம் தேதி பெரிய ஆட்கள் முன்னால் அறிமுகம். ஏப்ரல் கடைசிக்குள் ஃபார்ம் வந்தால் போதும். அவன் பெயர் நிலைக்கும் அக்கா. போடு.

அன்புடன்,
மோசஸ்

✻

பேர்லேண்ட்
16 மார்ச் 2025

மோசசுக்கு,

உன் கடுதாசியை மூன்று தரம் படித்தேன். "வேலையை முடிக்கும்" என்று எழுதியிருக்கிறாய். ஆளைக் கொல்லும் என்று எழுத உனக்கே கை வரவில்லை. எழுதவே வராத ஒன்றுக்கு என் பிள்ளை பெயர் எதற்கு?

போன வாரம் க்ரிஷ் வந்திருந்தான். நியூஜெர்சிப் பையன், ஆலன் மாதிரியே தானாக உக்ரைன் பட்டாளத்தில் போய்ச் சேர்ந்து, அவனோடு ஒரே குழியில் இருந்தவன். அவன் அம்மா தமிழ், அப்பா குஜராத்தி. அவன் ஊர்ப் பக்கம் ஐசலின் கடையிலிருந்து ஒரு டப்பா மைசூர்பாகு வாங்கிக்கொண்டு, இடது கால் இழுக்க இழுக்க வந்தான். சோபாவில் உட்காரமாட்டேன் என்று தரையில், சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தான். பக்கத்து வீட்டுக்காரன் புல் வெட்டுகிற மெஷினை ஸ்டார்ட் பண்ணினான். பையன் டீபாய்க்கு அடியில் போய்விட்டான். வெளியே வந்து, "சாரி ஆண்ட்டி, சாரி ஆண்ட்டி" என்று பத்துத் தரம் சொன்னான். அவனுக்கு ரசம் சாதம் பிசைந்து கொடுத்தேன்.

ஆலன் என்னிடம் லாரி ஓட்டுகிறேன் என்றுதான் சொல்லியிருந்தான். "சாமான் ஏத்தறோம் இறக்கறோம்மா, டோன்ட் வொர்ரி." லாரி இல்லையாம். ட்ரோன் ஓட்டினானாம். எதிர்க்குழி வாசலில் குண்டு போடுகிற ட்ரோன். என் பிள்ளை எத்தனை பேரைக் கொன்றான் என்று கேட்டேன். க்ரிஷ் மைசூர்பாகு டப்பாவை என் பக்கம் நகர்த்தி வைத்தான். நான் திரும்பக் கேட்கவில்லை.

அவன் செத்த விதத்தையும் கேட்டேன். அபிகாயில், "மாம், ஸ்டாப்" என்று எழுந்து மாடிக்குப் போய்விட்டாள். க்ரிஷ் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"டப்பா வந்து விழுந்துச்சு ஆண்ட்டி. கண்ணு எரியுது, மூச்சு வரலை. உள்ளே இருக்க முடியாது, எல்லாரும் வெளியே ஓடி வந்தோம். மேலே இன்னொண்ணு ரெடியா நின்னுட்டு இருந்துச்சு. நான் திரும்பிப் பார்த்தேன். ஆலன் ரெண்டு கையும் மேலே இருந்துச்சு. முகத்தை மறைக்கவா, இல்ல சரண்டர் பண்றேன்னு சொல்லவா, எனக்குத் தெரியலை. ஐ டோன்ட் நோ, ஆண்ட்டி."

நம் ஊரில் வயல் எலியை இப்படித்தான் பிடிப்பார்கள். ஒரு வளையில் புகையைப் போட்டுவிட்டு இன்னொரு வளையின் வாயில் காத்திருப்பார்கள்.

கேஸ் போடுவது தடை என்று எழுதினாயே, அதையும் க்ரிஷிடம் கேட்டேன். கேஸ் போட்டதுதான் குற்றமாம். வெறுமனே வெளியே வருகிறவன் தலையில் குண்டு போட்டால் அது சண்டையாம். இங்கே போலீஸ் ரோட்டில் கூட்டத்தைக் கலைக்க அதே கேஸைப் போடலாமாம், அங்கே குழியில் போடக்கூடாதாம். எனக்குத் தலை சுற்றுகிறது. இதையெல்லாம் எழுதினவன் ஒரு நாளாவது அந்தக் குழியில் உட்கார்ந்து எழுதினானா?

இன்னொன்றும் சொன்னான். சாவதற்குப் பத்துப் பதினைந்து நாள் முன்னால் ஆலன் உனக்கு மெசேஜ் அனுப்பினானாம். "ஹி ஆஸ்க்டு ஹிஸ் அங்கிள் சம்திங், பதில் வந்துச்சு, படிச்சிட்டு ஃபோனைத் தூக்கிப் போட்டுட்டான்" என்றான். என்ன கேட்டான் என்று க்ரிஷுக்குத் தெரியவில்லை.

உனக்குத் தெரியும். அவன் உன்னிடம் என்ன கேட்டான்?

இரண்டு வருஷம் முன்னால் நீ எனக்கு போன் பண்ணி, "அக்கா, ஒரு பெரிய காண்ட்ராக்ட், கிடைச்சா எங்க கம்பெனி நிமிர்ந்துரும், ஜெபம் பண்ணு" என்றாய். என்ன காண்ட்ராக்ட் என்று நான் கேட்கவில்லை. தம்பி கேட்டால் அக்கா ஏன் கேட்கப் போகிறேன்? மூன்று நாள் தண்ணீர் மட்டும் குடித்து உபவாசம் இருந்தேன். கிடைத்ததும் நம் சபையில் எழுந்து மைக்கைப் பிடித்து, என் தம்பிக்கு ஆண்டவர் வாசலைத் திறந்தார் என்று சாட்சி சொன்னேன். எல்லோரும் அல்லேலூயா சொன்னார்கள். ஆலன் என் பக்கத்தில் உட்கார்ந்து கை தட்டினான்.

அது இந்தக் காண்ட்ராக்ட்தானா? இதற்கும் பதில் எழுது.

சாந்தாமணி

✻

ஃப்ரீமான்ட்
30 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஆமாம், அந்தக் காண்ட்ராக்ட்தான். அதற்கு என்ன இப்போது? உன்னை உபவாசம் இருக்கச் சொல்லி நான் கேட்டேனா? ஜெபம் பண்ணு என்று நூறு பேரிடம் சொல்கிறோம்.

க்ரிஷ் பாவம். காலும் முடியாமல், மனசும் சரியில்லாத பையன். அவன் சொல்வதையெல்லாம் வைத்து என்னைக் கூண்டில் ஏற்றாதே. ஆலன் மெசேஜ் பண்ணினான், உண்மைதான். குளிர் ஜாக்கெட், ஹெல்த் இன்ஷூரன்ஸ், அந்த மாதிரிப் பொதுவாகக் கேட்டான். நானும் பொதுவாகப் பதில் போட்டேன்.

நீ டெக்சாஸில் உட்கார்ந்து என்னைக் கேள்வி கேட்கிறாய். இந்த வேலை போனால் விசாப்படி எனக்கு அறுபது நாள்தான் அக்கா. அதற்குள் வேறு வேலை கிடைக்காவிட்டால் மூட்டை கட்டவேண்டும். க்ரீன் கார்டு பன்னிரண்டு வருஷமாக வரிசையில் நிற்கிறது. பிள்ளைகள் இங்கே பிறந்தவர்கள், அவர்களை எங்கே கூட்டிக்கொண்டு போவேன்? நான் எழுதாவிட்டால் பக்கத்து சீட்காரன் எழுதுவான். மெஷின் நிற்கப் போவதில்லை.

ஃபார்மைப் பற்றி எங்கள் மேலதிகாரி வி.பி. இரண்டு தடவை கேட்டுவிட்டார். போடமாட்டேன் என்றால் ஒரே வரியில் சொல்லிவிடு. இழுக்காதே.

மோசஸ்

✻

பேர்லேண்ட்
21 ஏப்ரல் 2025

மோசசுக்கு,

நேற்று ஈஸ்டர். நம் தமிழ் சபை தெரியுமே, வெள்ளைக்காரர் ஆராதனை முடிந்து கிளம்பிய பிறகு இரண்டு மணிக்குத்தான் நமக்கு ஹால் கிடைக்கும். நேற்றும் அப்படித்தான். சாட்சி நேரத்தில் நான் எழுந்தேன். பாஸ்டர் சிரித்துக்கொண்டே மைக்கைக் கொடுத்தார். மகனை இழந்த தாய், ஆறுதலாக ஏதாவது சொல்லுவாள் என்று நினைத்திருப்பார்.

"ரெண்டு வருஷத்துக்கு முன்னால இதே இடத்துல ஒரு சாட்சி சொன்னேங்க. அதைத் திருப்பி வாங்கிக்கிறேன்" என்றேன்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எலிசா ஆண்ட்டி பின்னாலிருந்து என் முந்தானையைப் பிடித்து இழுத்து, "சாந்தா, உட்காரு, பிபி ஏறும்" என்றார். நான் உட்காரவில்லை. குழிக்குள் இருக்கிற மனுஷனைத் தேடிப் போய்க் கொல்கிற ஒன்றுக்காக மூன்று நாள் பட்டினி கிடந்தேன், அது என்னவென்று கேட்காமல் கிடந்தேன், அந்த ஜெபத்தை வேண்டாம் என்று ஆண்டவரிடம் சொல்லிவிட்டேன், நீங்களும் அன்றைக்குச் சொன்ன அல்லேலூயாவைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். பாஸ்டர், "ஆமென், ஆமென்" என்று மைக்கை வாங்கிக்கொண்டு பாட்டுக்காரர்களுக்குக் கை காட்டினார். கீபோர்டு பையனுக்கு எந்தப் பாட்டு என்று தெரியவில்லை, கிறிஸ்துமஸ் பாட்டை வாசித்துவிட்டான். கேக் சாப்பிடும்போது என் பக்கத்தில் யாரும் வரவில்லை. அந்த ஹாலில் பாதிப்பேர் உன் மாதிரி வேலையில்தான் இருக்கிறார்கள்.

வீட்டுக்கு வரும்போது காரில் அபிகாயில், "மாம், தட் வாஸ் எம்பாரசிங்" என்றாள். கொஞ்ச தூரம் போனதும் ஒரு கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

உன் வேலை போகவேண்டும் என்று நான் சொல்லவில்லை. உன் பிள்ளைகள் ரோட்டில் நிற்கவேண்டும் என்றும் சொல்லவில்லை. என்னைப் பதில் சொல்லாமல் சுற்ற விடுகிறாயே, அதற்குத்தான் எனக்கு வயிறு எரிகிறது. நீ பொய் சொன்னால் எனக்குத் தெரியாதா? உனக்கு நாலு வயசிலிருந்து நான்தான் உன்னைப் பார்த்துக்கொண்டேன். அம்மா செத்த வருஷத்திலிருந்து நீ என் இடுப்பில் வளர்ந்தவன். குளிர் ஜாக்கெட் கேட்டதற்கு வந்த பதிலைப் படித்துவிட்டு யாராவது போனைத் தூக்கிப் போடுவார்களா?

அவன் கேட்டதை எழுதும் வரைக்கும் எனக்கு வேறு எதுவும் எழுதவேண்டாம்.

சாந்தாமணி

✻

ஃப்ரீமான்ட்
2 மே 2025

அக்கா,

இதைக் கையால் எழுதுகிறேன். எழுத்து கோணல்தான்.

போன வருஷம் அக்டோபரில் ஆலனிடமிருந்து மெசேஜ் வந்தது. எட்டு மெசேஜ், எல்லாம் இங்கிலீஷில். இன்னும் என் போனில் இருக்கிறது. அழிக்கவும் முடியவில்லை, திறக்கவும் முடியவில்லை. நேற்றுத்தான் திறந்தேன்.

ஒருநாள் அவன் ட்ரோன் ஓட்டிக்கொண்டிருந்தபோது எதிர்க்குழியிலிருந்து ஒரு ஆள் தனியாக வெளியே வந்தானாம். துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு, ட்ரோனைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கினானாம். ஆலனுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. குண்டு போடாமல் ட்ரோனை மெதுவாகப் பின்னால் கொண்டுவந்தான். அந்த ஆள் நடந்தான். ட்ரோன் நின்றால் நிற்பான், நகர்ந்தால் நகர்வானாம். வெடி புதைத்த இடத்தைச் சுற்றி, முக்கால் மணி நேரம், ஆலன் அவனைத் தங்கள் குழி வரைக்கும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். நாற்பது வயசு ஆளாம். வந்ததும் தண்ணீர் கேட்டானாம். அதற்குப் பிறகு, குண்டு போடும் வேலைக்கு வேறு ஆளை வைத்துக்கொள்ளுங்கள் என்று ஆலன் சொல்லிவிட்டானாம்.

அப்புறம்தான் கேட்டான், தமிழில் சொல்கிறேன். "மாமா, உங்க மெஷின்ல சிக்னல் போயிடுச்சு, ஓட்டறவன் பார்க்கலைன்னு வைங்க. அந்த நேரம் ஒருத்தன் கை தூக்கினா, அதுக்குத் தெரியுமா?"

தெரியாது அக்கா. அதற்கு ஆள் தெரியும். ஆளின் சூடு தெரியும். கை தூக்கியிருக்கிறானா என்று தெரியாது. நாங்கள் அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்லிக்கொடுத்தால் எதிராளி எல்லோரும் பொய்யாகக் கை தூக்குவார்கள், மெஷின் ஏமாந்துபோகும் என்று ஒரு மீட்டிங்கில் பேசி விட்டுவிட்டோம். அந்த மீட்டிங்கில் நானும் இருந்தேன்.

நான் அவனுக்குப் போட்ட பதில்: "நல்ல கேள்வி. அடுத்த வெர்ஷனில் பார்க்கலாம்." கூடவே ஒரு கட்டைவிரல் பொம்மை. அவ்வளவுதான்.

பதினோரு நாள் கழித்து அபிகாயில் அழுதுகொண்டே கூப்பிட்டாள்.

நான் இதை ஆபீசில் யாரிடமும் சொல்லவில்லை. அவன் பெயரை வைக்கலாம் என்று முதலில் சொன்னதும் நான்தான். ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. பெயரை வைத்துவிட்டால் அவன் என்னிடம் கேட்டது சரியாகிவிடும் என்று நினைத்தேனோ என்னவோ.

15-ஆம் தேதி பெயர் வைக்கிறார்கள். ஃபார்ம் இல்லாவிட்டால் வேறு பெயர் ரெடியாக இருக்கிறது. மெஷின் அதேதான். நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

மோசஸ்

✻

பேர்லேண்ட்
7 மே 2025

தம்பி மோசசுக்கு,

உன் கோணல் எழுத்தை அபிகாயிலுக்குப் படித்துக் காட்டினேன். இரண்டு பேரும் சாப்பிடவில்லை. ஆனால் பல மாசத்துக்குப் பிறகு நேற்று நான் தூங்கினேன். என் பிள்ளை கொன்றவன்தான். ஒருத்தனைக் கொல்லாமல் கூட்டிக்கொண்டும் வந்திருக்கிறான். தண்ணீர் கேட்ட அந்த ஆள் எங்கேயோ உயிரோடு இருப்பான், அவன் அம்மாவும் இருப்பாள். எனக்கு அது போதாது. ஆனாலும் அது இருக்கிறது.

நான் வேலை செய்கிற ரக்ஷா மேடம் வீட்டு டேகேரில் எனக்குப் பார்த்துக்கொள்ள ஆறு பிள்ளைகள். இரண்டு தெலுங்கு, ஒன்று சீனா, மூன்று மெக்சிகோ. ஒன்றுக்கும் பேச்சு வரவில்லை, எனக்கும் இங்கிலீஷ் வராது. காலையில் நான் உள்ளே போனதும் ஆறும் இரண்டு கையையும் தூக்கும். ஒரு வயசுப் பிள்ளைக்குத் தூக்கத் தெரிகிறது, ஏழாவது படித்த எனக்குப் புரிகிறது. அவ்வளவு படித்தவர்கள் ரூம் போட்டுப் பேசி, அதைச் சொல்லிக்கொடுக்கவேண்டாம் என்று விட்டீர்களே மோசசு. பொய்யாக நூறு பேர் தூக்குவார்கள், சரி. நிஜமாகத் தூக்கின ஒருத்தனை என்ன செய்வீர்கள்? என் பிள்ளை நிஜமாகத் தூக்கினானா, முகத்தை மறைத்தானா என்று க்ரிஷுக்கே தெரியவில்லை. மேலே நின்ற மெஷின் கேட்டதா? அது எதிரியின் மெஷின், உன்னுடையது இல்லை என்று எனக்குத் தெரியும். கீழே நிற்கிறவனுக்கு அதில் என்ன வித்தியாசம்?

உன்னை வேலையை விடு என்று நான் சொல்லமாட்டேன். விட்டால் பக்கத்து சீட்காரன் எழுதுவான் என்று நீதான் சொன்னாயே. அவனுக்கு ஆலன் கேட்டது தெரியாது. உனக்குத் தெரியும்.

உன் ஃபார்மை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். கையெழுத்துப் போடவில்லை, என் மகன் பெயர் அதற்குக் கிடையாது. மஞ்சள் ஒட்டு வைத்த இடத்தில் ஆலன் உன்னிடம் கேட்டதை எழுதியிருக்கிறேன். எனக்குத் தமிழில்தான் எழுத வரும். இடம் போதாமல் ஓரத்தில் மடக்கி எழுதினேன். உன் வி.பி. தாளைத் தூக்கிப் பார்த்து, இந்தம்மா கையெழுத்து ஏன் இவ்வளவு நீளம் என்று கேட்பார். அங்கே தமிழ் படிக்கத் தெரிந்தவன் நீ ஒருத்தன்தானாமே.

எல்லோரும் இருக்கும்போது படித்துச் சொல். சொல்லிவிட்டுக் கூப்பிடு, எடுக்கிறேன்.

உன் அக்கா
சாந்தாமணி